அடுத்த ஸ்டேஷன்... ராயபுரம்!

செங்கல்பட்டிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் தொங்கிக்கொண்டே சிட்டிக்குப் படிக்கப் போகும் மகாஜனங்களே... ஒரு சின்ன கேள்வி. பீச் ஸ்டேஷனுக்கு அடுத்து என்ன ஸ்டேஷன்?

"அதுக்கு அப்புறம் கடல்தான் மச்சான்!" என்றான் எங்கள் க்ளாஸ் அறிவாளி ஒருவன். க்ளாஸே கைதட்டியது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று வருஷம் சீசன் டிக்கெட் எடுத்து, தினமும் கொளவாய் ஏரிக்கு டாட்டா காட்டிவிட்டுப் போன எனக்கே போன மாதம்தான் தெரியும். நம்ம வண்டி பீச்சோடு முடிந்துவிடும். அங்கே வடக்கே போகிற வண்டிக்கு மாறினால், அடுத்த ஸ்டேஷன் ராயபுரம்.

"ராயபுரமா? அங்க என்னடா இருக்கு?"

இந்தியாவில் இன்றைக்கும் நிற்கிற ரயில்வே ஸ்டேஷன் கட்டடங்களிலேயே மூத்தது இருக்கிறது பாஸ்! 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது இங்கேயிருந்துதான். போய்ச் சேர்ந்த இடம், ஆற்காடு பக்கம் இருக்கிற வாலாஜா ரோடு. நாட்டின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் கிளம்பிய பம்பாய் போரிபந்தர் ஸ்டேஷன் இன்று இல்லை. அந்த இடத்தில்தான் பிறகு வி.டி. வந்தது. ஹவுராவின் முதல் ஸ்டேஷனும் போயே போச்சு. தாத்தா ராயபுரம் மட்டும் கெட்டியாக நிற்கிறார்.

அவரும் சும்மா நிற்கவில்லை. 1873-ல் சென்ட்ரல் வந்தது, 1908-ல் எழும்பூர் வந்தது. பெரிய வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. 1922-ல் ரயில்வே கம்பெனியின் தலைமை ஆபீஸும் இடம் மாறியது. அதற்கப்புறம் சிவப்புச் சுவரும் வெள்ளைத் தூண்களும் எப்படி இருந்திருக்கும்? பையன் அமெரிக்கா போனபிறகு பூட்டிக் கிடக்கிற கிராமத்து வீடு மாதிரிதான். பல வருஷம் சிதிலமாகிக் கிடந்ததை 2005-ல்தான் சரிசெய்து வெள்ளையடித்தார்கள். கட்டடம் வயசானதால் சாகவில்லை மக்களே... ஆள் வராததால் செத்துக்கொண்டிருந்தது.

ஆனால், ஆள் வந்தால் மட்டும் பிழைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் 1910-ல் திறந்தது. அரண்மனை மாதிரி கட்டடம். ஜேஜேன்னு கூட்டம் வந்துபோகிற அந்த ஸ்டேஷனை 1963-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் 1965-ல் அந்த ஊரில் பழைய கட்டடங்களைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. இடித்தபிறகு வந்த புத்தி!

நம்ம பக்கத்தில் மாமல்லபுரம் இருக்கு. (ட்ரெயினே வராத ஊர். கிழக்குக் கடற்கரை ரயில் பாதை வருது வருதுன்னு பல வருஷமா சொல்றாங்க. ஒரு வகையில் நிம்மதி... இடிக்க ஸ்டேஷனே இல்லை!) அங்கே 1,300 வருஷத்துச் சிற்பத்தின் மேல் ஏறி போஸ் கொடுத்தால் உடனே விசில் பறக்கும். 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடமாச்சே. நம்ம நாட்டின் 1958-ம் வருஷத்துச் சட்டப்படி, குறைந்தது நூறு வயசான கட்டடத்தை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கலாம். 'லாம்' என்பதைக் கவனிக்கவும். நூறு தாண்டிய ஸ்டேஷன் எல்லாம் தானாக அதில் சேர்ந்துவிடாது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தபோது எத்தனை சின்னச் சின்ன ஓட்டுக்கட்டட ஸ்டேஷன்கள் சத்தமில்லாமல் தரைமட்டமாயின! அதற்கு எவரும் விசில் அடிக்கவில்லை. போட்டோகூட யாரிடமும் இருக்காது.

"அதுக்காக? எங்க பாட்டி மூட்டையோட படிக்கட்டு ஏறி ஏறி மூச்சு வாங்குது. அவங்களுக்கு லிஃப்ட் முக்கியமா, உன் தூண் முக்கியமா?" என்று கேட்டாள் சிங்கப்பெருமாள்கோவிலில் ஏறுகிற தோழி.

செம கேள்வி. எனக்குச் சட்டுனு பதில் வரலை. யோசித்துப் பார்த்தால், லிஃப்ட்தான் முதலில். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் லிஃப்ட் வைக்க எதற்குத் தூணை இடிக்கணும்? எழும்பூரில் இப்போது கோடிக்கணக்கில் புது வேலை நடக்கிறது. 1908-ம் வருஷத்துச் சிவப்புக் கட்டடத்தை வைத்துக்கொண்டேதான் சுற்றிலும் கட்டுகிறார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 2023 ஆகஸ்ட்டில் அம்ரித் பாரத் திட்டத்தில் அடிக்கல் நாட்டின ஸ்டேஷன்களில் நம்ம செங்கல்பட்டும் உண்டு. நல்ல விஷயம், வரட்டும். அதில் எது போகுது, எது இருக்குதுன்னு கேட்கிற உரிமை தினமும் அங்கே நிற்கிற நமக்குத்தானே அதிகம்?

சரி, கதைக்கு வருவோம். போன ஞாயிற்றுக்கிழமை அறிவாளியைத் தள்ளிக்கொண்டு ராயபுரத்தில் இறங்கினேன். ஞாயிறு என்பதால் பிளாட்பாரத்தில் ஈ, காக்கா இல்லை. கொஞ்சம் நடந்துபோய் தூண்களுக்கு எதிரே நின்றோம். பயல் அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் மொபைலை என் கையில் திணித்தான்.

"மச்சான்... தூண் முழுசா வர்ற மாதிரி எடு. நான் ஓரமா நின்னுக்கறேன்."

எடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற வண்டி கிளம்பிவிட்டது. அடுத்ததுக்கு முக்கால் மணி நேரம். அவன் இன்னும் நாலு போட்டோ கேட்டான்.