காலைக் கட்டாதீர்கள், வண்டியைக் கட்டுங்கள்

வாசகர் வீட்டுச் செய்தி

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். போன வருஷம் புரட்டாசியில் அவர் வீட்டுக் குறுவை அறுப்புக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. கதிர் சாய்ந்துவிட்டது, ஈரத்தில் அறுவடை இயந்திரம் இறங்கவில்லை. ஆள் கூட்டிக் கையறுப்பு அறுத்தார்கள். சாய்ந்த பயிருக்கு அடியில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன் அவருடைய கணவரின் கணுக்காலில் கடித்துவிட்டது.

துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டினார்கள். பக்கத்து ஊரில் வேர் கொடுத்து விஷம் இறக்கும் பெரியவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, முதலில் அங்கே போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழிந்தது. கால் வீங்கி, பல் ஈறில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த இரத்தம் 20 நிமிடம் ஆகியும் உறையவில்லை. சிறுநீரகமும் பாதித்திருந்தது. ஒன்பது முறை டயாலிசிஸ் செய்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அந்த வருஷம் சம்பா நடவில்லை. வாசகியின் தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

"இப்போது நன்றாக இருக்கிறார், வரப்பு கூட வெட்டுகிறார். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. வேறு யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். இந்தக் குறுவைக்கு அவர் வீட்டில் ஆறு ஜோடி கம்பூட்ஸ் வாங்கி, அறுப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார்களாம். சேறாக இருந்த இடத்தில் பூட்ஸ் மாட்டிக்கொள்கிறது என்று சிலர் கழற்றிப் போட்டார்கள். தண்ணீர் வடிந்த வயலில் மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

நலச் செய்தி

மழைக்காலம் தொடங்குகிறது. எலி வளைகளில் தண்ணீர் நிறையும்போது எலி மேட்டுக்கு வரும், அதைத் தேடிப் பாம்பும் வரும். மேடு என்பது பெரும்பாலும் வீடும், வைக்கோல் போரும், மோட்டார் கொட்டகையும்தான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இதில் பெரும்பகுதி கிராமத்து உயிர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டு, 2030க்குள் இந்த இறப்புகளைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் பாம்புக்கடியைச் சேர்த்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் மருந்தை அங்கே கொண்டுபோய் வைக்க முடியும்.

நம் ஊரில் உயிரைப் பறிப்பவை முக்கியமாக நான்கு. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும்: இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு திணறும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் விடாது.

இவற்றில் கட்டுவிரியனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. நன்றாகத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டை வலி என்று எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால் அதை அஜீரணம் என்று எண்ணிக் கஷாயம் போட உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கடித்துவிட்டால்

நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் காசு கிடையாது. வேரோ, இலையோ, மந்திரமோ உடம்பில் ஏறிய விஷத்தை முறிப்பதில்லை. வேர் கொடுத்துப் பிழைத்தார் என்று சொல்லப்படுபவர்களைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப் பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கும். அந்தப் பெரியவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவர் வாசலில் போவது நோயாளியின் நேரம்.

செய்ய வேண்டியவை: 108ஐக் கூப்பிடுங்கள். வர நேரமாகும் என்றால் கிடைக்கும் வண்டியில் ஏற்றுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள், ஓட விடவே கூடாது. எலும்பு முறிந்தால் கட்டுவது போல் ஒரு குச்சியை வைத்து, கடிபட்ட கை காலை அசையாமல் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், கைக்கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை: இறுகக் கட்டாதீர்கள். கட்டினால் இரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போகலாம். யாராவது ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால் வழியில் திடீரென அவிழ்க்காமல், மருத்துவர் முன்னால் அவிழ்க்க விடுங்கள். கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்போ ஐஸோ வைப்பது எல்லாம் கெடுதல். பாம்பைத் துரத்தி அடிக்கப் போய் இன்னொருவர் கடிபட்ட கதைகள் நிறைய உண்டு. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் மருத்துவர் அறிகுறிகளையும் இரத்தச் சோதனையையும் பார்த்தே மருந்து கொடுப்பார்.

வராமல் காக்க

ராத்திரி மின்சாரத்துக்கு மோட்டார் போடப் போகிறவர்கள் டார்ச்சும் கம்பும் இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனால் அதிர்வில் பெரும்பாலான பாம்புகள் விலகிப் போகும். சாய்ந்த பயிரை அறுக்கும் முன் நீளக் கம்பால் கலைத்துவிடுங்கள். வைக்கோலையும் விறகையும் அள்ளும்போது அடியில் கை விடாதீர்கள். வீட்டை ஒட்டி விறகு, செங்கல், தேங்காய் மட்டை குவிக்க வேண்டாம். நெல் மூட்டையும் கோழிக் கூடும் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். கட்டிலில் படுப்பது நல்லது. வசதியில்லை என்றால் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிய கொசுவலை போதும். கொசுவுக்கும் ஆச்சு, கட்டுவிரியனுக்கும் ஆச்சு.

வாசகர் கேள்விகள்

வீட்டைச் சுற்றிச் சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது என்கிறார்களே? (திண்டுக்கல் வாசகர்)

அதற்குச் சான்று இல்லை. செடி இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் செடியை நட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் குப்பையை அள்ளாமல் விட்டால் அந்தச் செடிக்கு அடியிலேயே பாம்பு படுத்துக்கொள்ளும். பூண்டுத் தண்ணீர், பினாயில் தெளிப்பதும் இப்படித்தான்.

சின்னப் பிள்ளைக்கு மருந்தைக் குறைத்துத்தானே போட வேண்டும்? எங்கள் பேத்திக்குப் பெரியவர்கள் அளவே போட்டார்கள், பயமாக இருந்தது. (விருத்தாசலம் வாசகி)

பயப்பட வேண்டாம் அம்மா. அந்த மருந்து பாம்பு இறக்கிய விஷத்தை முறிப்பதற்கு. குழந்தை என்பதற்காகப் பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. ஆகவே அளவும் ஒன்றே. பேத்தி குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று எழுதியது மகிழ்ச்சி.

கறவை மாட்டைப் பாம்பு கடித்தால்? (நாமக்கல் வாசகர்)

மாட்டை நடத்திக் கூட்டிப் போகாமல் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மாட்டுக்கும் விஷமுறிவு மருந்து போடலாம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

களத்தில் அடிக்கடி சாரைப்பாம்பு வருகிறது. அடிக்கலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

வேண்டாம். சாரைக்கு விஷம் கிடையாது. உங்கள் நெல்லைத் தின்னும் எலியைத்தான் அது தின்கிறது. சாரையும் நல்ல பாம்பும் சேரும் என்பது கதை, இரண்டும் வேறு வேறு இனம். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் 101க்குச் சொல்லுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு காப்பீட்டுக் குறிப்பு

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடியும் இதில் விபத்துதான், ஆனால் மருத்துவமனைப் பதிவு வேண்டும். வேர் கொடுக்கும் வீட்டில் பதிவேடு கிடையாது. வங்கிக்குப் போகும்போது இந்த 20 ரூபாய் கணக்கில் பிடிக்கப்படுகிறதா என்று பாஸ்புக்கைக் காட்டிக் கேளுங்கள்.

விடுமுறைக்கு

பிள்ளைகளோடு சென்னைப் பக்கம் போனால் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு ஒரு நடை போய் வாருங்கள். நான்கு விஷப் பாம்புகளையும் கண்ணாடிக்குப் பின்னால் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு அடையாளம் மறக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்தை இவர்கள்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். விஷம் எடுப்பதைப் பார்வையாளர்களுக்கும் காட்டுவது உண்டு, அன்றைக்கு உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடிபட்டுப் பிழைத்த பல வீடுகள் இவர்களைப் போன்றோருக்குக் கடன்பட்டவை.

வீட்டிலேயே இருப்பவர்கள் மழை நாளில் 2022இல் வந்த 'கடைசி விவசாயி' படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம். மணிகண்டன் இயக்கியது. குலதெய்வத்துக்கு நெல் விளைவிக்கும் கிழவராக நல்லாண்டி என்ற பெரியவர் நடித்திருக்கிறார். பயிரை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டி வந்தும் அவர் மனசு வயலிலேயே இருக்கும். உங்கள் வீட்டுத் தாத்தாவைப் பார்ப்பது போல இருக்கும்.

இன்றைக்கே செய்ய ஒரு வேலை

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் 24 மணி நேரமும் விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பெயரையும், 108ஐயும், ராத்திரியில் கூப்பிட்டால் வரும் வண்டிக்காரர் எண்ணையும் கதவுக்குப் பின்னால் கரியால் பெரிதாக எழுதி வையுங்கள். மன்னார்குடி வாசகி வீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்களாம்.

அடுத்த இதழில்: சேற்றில் வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல். கேள்விகளையும் வீட்டுச் செய்திகளையும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.