தனித்திருந்தாரும் உடனிருந்தாரும்

பாக்கு விரிகுடாக் கரையில் அமைந்த தேவிபட்டினத்தில் வைகறைப் பொழுது இருவகை ஒலிகளோடு புலரும். ஒன்று, பள்ளிவாசலிலிருந்து எழும் பாங்கோசை. மற்றொன்று, கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை வலம்வர வந்திறங்கும் வெளியூர் யாத்திரிகர்களின் பேச்சொலி. இவ்விரு ஒலிகளுக்கும் இடையே வளர்ந்தவர் நாம். இறைநாட்டம் என்பது ஏதோ ஏட்டில் மட்டும் உள்ள பொருளன்று என்பதை இக்கரையே நமக்குக் கற்பித்தது.

கல்லூரியில் பயின்ற நாளில் நமக்கும் ஒரு விழிப்பு வாய்த்தது. அதனைப் பெரிதுபடுத்திக் கூற விரும்பவில்லை. ஓர் இரவில் குணங்குடியாரின் ரகுமான் கண்ணியைப் பாடத்திற்காக அன்றி நமக்காகப் படித்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவ்வளவே. ஆயினும் அடுத்த வாரமே நண்பர் எழுவர் இஷாத் தொழுகைக்குப் பின் கடற்கரையில் கூடத் தொடங்கினோம். ஒருவர் படிப்பார், மற்றவர் கேட்பர், பின்னர் திக்ரு நடைபெறும். ஒரு சமுதாயத்தையே திருத்தி அமைக்கப் போவதாக நாம் எண்ணிக்கொண்டோம். மழைக்காலம் ஒன்று முடியுமுன் அவ்வட்டம் கலைந்தது. யார் முன்னமர்ந்து ஓதுவது என்னும் வழக்கே வெளியில் சொல்லப்பட்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. எழுவருள் இருவர் வலைக்குச் செல்பவர். நாம் குறித்த நேரம், படகு கடலில் இறங்கும் நேரம். அவர்கள் வர இயலாது என்பதை அறிந்தும் நேரத்தை மாற்ற நமக்குத் தோன்றவில்லை. அவர்கள் நின்றபின், எஞ்சிய ஐவரும் தத்தம் பெருமையையே பேசிக்கொண்டிருந்தோம்.

இத்தோல்வியை மனத்தில் வைத்துக்கொண்டே குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் வாழ்வை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதுண்டு. தேவிபட்டினத்திற்கு வடக்கே, தொண்டியை அடுத்த குணங்குடியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர் அப்பெருமகனார். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தெற்கே கீழக்கரைக்குச் சென்று, தைக்கா சாகிபு என வழங்கப்பெறும் ஷைகு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார். மாமன் மகளை மணம்பேசிய வேளையில் இல்லறத்தை மறுத்து வீட்டை விட்டு வெளியேறினார். திருச்சிராப்பள்ளி மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் 1813ஆம் ஆண்டில் தீட்சை பெற்றார் என்பர். அதன்பின் மலைகளிலும் காடுகளிலும் தனித்திருந்தார்; ஊரார் கண்ணுக்குப் பித்தராகத் திரிந்தார். மஸ்தான் என்னும் சொல்லுக்கே இறைபோதையில் தம்மை மறந்தவர் என்பதுதானே பொருள்!

இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஆசிரியர், பிறகே தனிமை. விழிப்பு வந்த மறுநாளே அவர் கூட்டம் கூட்டவில்லை. கூட்டம் என்பது அவர் தேடிய பொருளே அன்று. இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கியபோது மக்கள் தாமாகவே வந்து அமர்ந்தனர். வந்தவருள் முஸ்லிம்களும் இருந்தனர், இந்துக்களும் இருந்தனர். ஐயாசாமி முதலியார் அவர்மீது பாமாலை பாடினார். திருக்குறளைப் பதிப்பித்த பெரும்புலவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவரைப் போற்றி நான்மணிமாலை இயற்றினார். சமயம் வேறாயினும் தமிழும் ஞானமும் ஒருபாயில் அமர்ந்தன. 1838ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் அவ்வடக்கம் மக்கள் கூடும் இடமாகவே உள்ளது.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. தொண்டியார் வாழ்ந்ததால்தான் தண்டையார்பேட்டை அப்பெயர் பெற்றது என்று மேடைதோறும் கூறுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1693ஆம் ஆண்டிலேயே எழும்பூர், புரசைவாக்கத்தோடு அவ்வூரையும் பெற்றனர் என்பது வரலாறு. ஞானியார் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே ஊருக்குப் பெயர் இருந்தது. அவர் பெருமைக்கு இக்கதை தேவையில்லை. மாணவ மணிகள் தேர்வுத்தாளில் எழுதாதிருப்பது நலம்.

நம்மை வருத்தும் வினா வேறொன்று உண்டு. இக்கரையிற் பிறந்து, இக்கரையிற் கற்ற ஒருவரைச் சுற்றி வட்டம் ஒன்று இக்கரையில் ஏன் அமையவில்லை? சேதுநாடு ஞானியரை அறியாத நாடன்று. அவருக்கு முன்வாழ்ந்த தாயுமானவர் திருச்சிராப்பள்ளியில் அரசுப்பணி துறந்து இறுதியில் வந்தடைந்த இடம் நம் இராமநாதபுரமே. தாயுமானவரைப் போலவே குணங்குடியாரும் பராபரக்கண்ணி, ஆனந்தக்களிப்பு என்றே தம் பாடல்களுக்குப் பெயரிட்டார். வெளியூர்ப் பெரியாரை வரவேற்ற மண், தன் பிள்ளையைச் சென்னைக்கு விட்டுக் கொடுத்தது. ஊருக்குள் விழித்தவனை ஊர் முதலில் நம்புவதில்லை. நேற்றுவரை தெருவில் ஓடியவன்தானே என்னும் எண்ணம் குறுக்கே நிற்கிறது.

இமாம் கஸ்ஸாலி அவர்களின் வரலாறும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. பாக்தாத் நிஜாமிய்யாவில் பெரும்புகழ் பெற்ற ஆசிரியராய் இருந்தபோது, 1095ஆம் ஆண்டில், பாடம் நடத்த நா எழவில்லை. பதவியைத் துறந்து டமாஸ்கஸ், ஜெரூசலம் எனத் தனித்துத் திரிந்தார். ஆண்டுகள் பல கழித்து மீண்டும் கற்பிக்க வந்தார். தம் சொந்த ஊராகிய தூஸில் மாணவர்க்கு மதரஸாவும் ஸூஃபிகளுக்குத் தங்குமிடமும் அமைத்து 1111ஆம் ஆண்டில் மறையும்வரை அவர்களோடு வாழ்ந்தார். அவரைத் தூஸ் ஏற்றுக்கொண்டது.

நம் காலத்திற்கு அருகிலும் ஒருவர் உண்டு. நம் கடலுக்கு அக்கரையில், இலங்கையின் வடபகுதிக் காட்டிலிருந்து வெளிப்பட்ட பாவா முஹிய்யத்தீன் அவர்கள் 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். ஆங்கிலம் அறியார், தமிழிலேயே பேசினார், உடனிருந்தோர் மொழிபெயர்த்தனர். அவர் பெயரால் அங்கு ஒரு சங்கம் அமைந்தது. சங்கத்தினர் தம் கைகளாலேயே உழைத்து எழுப்பிய பள்ளிவாசல் 1984ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 1986ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்; சங்கம் மறையவில்லை. அவர்தம் போதனை அனைத்தையும் நம் ஆலிம் பெருமக்கள் ஏற்பர் என்று நாம் சொல்லவரவில்லை. நாம் சுட்டுவது ஒன்றே: வந்தவர்க்கு அவர் தம் கையால் சமைத்துப் பரிமாறினார். மொழி புரியாதவனுக்கும் சோறு புரியும். தமிழறியாத ஒரு பெருநகரில் அவ்வட்டம் நிலைத்ததற்குச் சொற்பொழிவுகளைவிட அந்த அடுப்பே பெருங்காரணம் என்பது நம் துணிபு.

நம் கடற்கரை வட்டத்தில் அடுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. உணர்ச்சி ஒன்றே இருந்தது. வந்தவர்க்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் மறுமொழி கூற வாயில்லை. வலைக்குச் சென்ற தோழரின் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்தேனும் கற்பித்திருந்தால், அவர்கள் வீட்டு வாசலிலாவது அவ்வட்டம் உயிர்த்திருக்கும்.

ஆதலால் உள்ளத்தில் விழிப்புற்று, ஒத்த நெஞ்சினரைக் கூட்ட விழையும் இளைஞர்க்கு நாம் கூறுவது: முதலில் ஒரு பெரியாரின் முன் அமருங்கள், கூடும் நேரத்தை ஊரிலேயே மிகக் கடினமாக உழைப்பவனுக்கு ஏற்பக் குறியுங்கள். முன்னமர்பவர் யார் என்னும் வழக்கு எழுந்தால், அன்று பாய்விரித்தவனையே முன்னமர்த்துங்கள். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இளைஞர் நால்வர் கூடினாலே பிளவு வந்துவிடும் என அஞ்சுகிறீர்கள். அவ்வச்சம் ஆதாரமற்றதென்று நாம் கூறோம்; ஒருவிழிப்பின் பெயரால் ஊர் இரண்டானதை நாமும் கண்டிருக்கிறோம். ஆயினும் கதவடைத்தால் அவர்கள் கலைந்துவிடுவதில்லை. உங்கள் பார்வைக்கு அப்பால் சென்று கூடுவர். அங்கே அவர்களுக்கு வாய்க்கும் ஆசிரியர் யாரென நீங்களும் அறியீர்கள். அருகில் ஒரு பாயை விரித்துக் கொடுத்து, வாரம் ஒருநாள் நீங்களும் அதன் ஓரத்தில் அமர்வதே நன்று.

நம் கரையோர ஊரொன்றில் பழைய மதரஸாக் கட்டடம் ஒன்று மாலையில் பூட்டியே கிடக்கிறது. மீனவர் பிள்ளைகளுக்கு இரவுப்பாடம் நடத்தவும், வெள்ளி இரவில் கூடி ஓதவும் அதன் திறவுகோலைக் கேட்டு இளைஞர் ஐவர் பெரியவர் ஒருவரிடம் சென்றனர். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். மூன்று திங்கள் ஆயின. ஐவரும் இன்னும் அவர் வாசலுக்குப் போய் வந்துகொண்டிருக்கின்றனர்.