அரசு கேபிளில் சேனலை நகர்த்துவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தில் ஒரு செய்திச் சேனல் இடம் மாறினாலோ மறைந்தாலோ, யார் உத்தரவிட்டார்கள், எதற்காக என்பது பணம் கட்டும் சந்தாதாரருக்கு எழுத்தில் தெரிய வேண்டும். அது தெரியாமலே காலம் ஓடுவதைக் கண்டித்து இதை எழுதுகிறேன்.

2018 ஜூனில், கோவையில் நடந்த வட்டமேசை விவாதத்தையொட்டி புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அடுத்த சில நாட்களில் அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 2025 அக்டோபரில் தி.மு.க. ஆட்சியில், அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று மறுபடி புகார் எழுந்தது. ஆகவே எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கி நான் இதை எழுதவில்லை. 2007இல் கலைஞர் ஆட்சியில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்துக்கு 2011 செப்டம்பரில் மறுவாழ்வு கொடுத்தவர் ஜெயலலிதா. தனியார் ஏகபோகத்தை உடைக்க வந்தது என்றுதான் இரு தரப்பும் சொல்லின. அரசு கையில் இருக்கும் நிறுவனம் மட்டும் கணக்குச் சொல்ல வேண்டாமா?

ஆதம்பாக்கத்தில் எங்கள் பக்கம் செல்போனிலேயே செய்தி பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு இன்றும் கேபிள்தான் செய்தி. சேனல் வரவில்லையென்றால், மாதாமாதம் பணம் வாங்க வரும் பையனைத்தான் பிடித்துக் கேட்பார்கள். அவனுக்கு என்ன தெரியும்? அவனுடைய ஆபரேட்டருக்கே தெரிவதில்லை. 2022 நவம்பரில் லட்சக்கணக்கான செட்டாப் பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் இயங்காமல் போனபோதும் வசவு வாங்கியவர்கள் தெருமுனை ஆபரேட்டர்கள்தான். மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு தகராறு என்பது பிறகுதான் வெளியே வந்தது.

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, இருப்பதே போதும். பொதுமக்களைப் பாதிக்கும் முடிவை அறிவிக்கும்போது அது தொடர்பான விவரங்களை வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில். ஒரு சேனலுக்குக் கொடுத்த எண்ணை ஓராண்டுக்குள் மாற்றக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017ஆம் ஆண்டு விதி. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கவே வேண்டாம், ஏற்கெனவே இறங்கியிருந்தால் வெளியேற உரிய வழி செய்ய வேண்டும் என்று 2012 டிசம்பரிலேயே டிராய் பரிந்துரைத்தது.

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, ஊர் மக்களுக்கென்று சேனல் ஒதுக்கும்படி கேபிள் நிறுவனங்களை நகராட்சிகள் கேட்கலாம். அந்தச் சேனல்களை நடத்தும் சிறு அமைப்புகளிடமே கூட்டக் குறிப்பைக் காட்டு, கணக்கைக் காட்டு என்று அங்குள்ளவர்கள் கேட்கிறார்கள். அரசுக்கே சொந்தமான நிறுவனத்திடம் நாம் கேட்பது அதிகப்படியா?

என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, எந்தச் சேனலை நீக்கினாலும் நகர்த்தினாலும் தேதி, உத்தரவிட்ட அதிகாரியின் பதவி, காரணம் ஆகியவற்றை மறுநாளே இணையதளத்திலும் அரசு கேபிளின் திரையிலும் போட வேண்டும். இரண்டு, எந்தச் சேனலிடம் எவ்வளவு கட்டணம் வாங்கப்படுகிறது, செட்டாப் பாக்ஸ், மென்பொருள் ஒப்பந்தங்கள் யாருக்கு எந்த நிபந்தனையில் தரப்பட்டன என்ற விவரங்களை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். மூன்று, இயக்குநர் குழுக் கூட்டங்களின் முடிவுகள் பொதுப்பார்வைக்கு வர வேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறை மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும்போது, ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் உறுப்பினர்கள் இதை எழுப்ப வேண்டும்.

அதுவரை சந்தாதாரர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்பது சட்டம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை–88.