தாயருகே அமர ஒரு விலையா?

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து தில்லி சென்ற விமானம் ஒன்றில் ஓர் இளந்தாய் நடைவழியில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்பதாம் வரிசையில் இடம். நான்கு வயது மகனுக்கோ இருபத்து மூன்றாம் வரிசையில், முன்பின் அறியாத இருவருக்கு நடுவே இடம். சிறுவன் தாயின் சேலைத் தலைப்பை இறுகப் பற்றியிருந்தான். பணிப்பெண் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். மூட்டுவலிக்காரர் ஒருவர், நடைவழியோர இருக்கைக்கென்றே தனிப்பணம் கட்டியிருப்பதாகக் கூறி முழங்காலைத் தடவிக் காட்டினார். "குழந்தையோடு வருகிறவர் முன்னதாகவே பணம் கட்டி இடம் பிடித்திருக்க வேண்டாமா?" என்று ஒரு குரல் எழுந்தது. "உங்களுக்கும் பிள்ளைகள் உண்டல்லவா?" என்று மற்றொரு குரல் பதிலடித்தது. இறுதியில் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து இடம் தந்தார். விமானம் புறப்பட்டது. பயணிகளின் கடுகடுப்பு மட்டும் தில்லி வரை தணியவில்லை.

அந்தச் சச்சரவில் எல்லாரும் பேசினார்கள். அதை உண்டாக்கியவர் மட்டும் வாய் திறக்கவில்லை. இருக்கைகளைப் பங்கிட்ட விமான நிறுவனத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் சொல்லவில்லை.

இதுவே நம் பிழை. இத்தகைய பூசல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இரு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறோம். இடம் தர மறுப்பவர் கல்நெஞ்சர் என்று ஒரு கட்சி. பெற்றோர் பொறுப்பற்றவர் என்று மறு கட்சி. பணம் கொடுத்து வாங்கிய இருக்கையைக் காத்துக்கொள்பவரிடம் நியாயம் இல்லையா? பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பும் தாயிடம்தான் நியாயம் இல்லையா? இருவரும் தம் பங்கில் சரியானவர்களே. அந்த இருவரையும் ஒருவரோடொருவர் மோதவிட்ட ஏற்பாடே தவறானது.

அந்த ஏற்பாடு எவ்வாறு நடக்கிறது? முன்பு பயணச்சீட்டின் விலைக்குள் அடங்கியிருந்தவற்றை நிறுவனங்கள் தனித்தனியே பிரித்து விற்கத் தொடங்கின. உணவுக்கு ஒரு விலை, விரும்பிய இருக்கைக்கு ஒரு விலை. சன்னலோரம் வேண்டும், கால் நீட்ட இடம் வேண்டும் என்பவர் கூடுதலாகக் கொடுக்கட்டும். அதில் நமக்குப் பூசல் இல்லை. ஆனால் குழந்தையோடு பயணம் செய்பவர் முன் இருக்கைப் படம் விரியும்போது அங்கே விற்கப்படுவது வசதி அன்று, அச்சம். "பணம் கட்டாவிட்டால் உங்களுக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று எங்களால் சொல்ல இயலாது" என்னும் அறிவிப்பு, தனியே செல்லும் வணிகருக்கு வெறும் தகவல். மூன்று வயது மகளோடு செல்லும் தந்தைக்கு அது மிரட்டல். அன்பைப் பிணையாக வைத்துப் பணம் பறிப்பதற்கு நம் மொழியில் நல்ல பெயர் கிடையாது.

"கணிப்பொறி தானாகவே இடம் ஒதுக்குகிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்பார்கள். இது ஏற்கத்தக்க சமாதானமா? பயணச்சீட்டு வாங்கும்போதே இவர் குழந்தை என்று அந்தக் கணிப்பொறியிடம் நாம் சொல்லிவிடுகிறோம். அவசர வழியை ஒட்டிய வரிசையில் சிறுவர்களை அமர்த்தக்கூடாது என்பது விதி. அந்த விதியைக் கணிப்பொறி பிழையின்றிக் கடைப்பிடிக்கிறது. குழந்தையை ஒரு வரிசையிலிருந்து விலக்கத் தெரிந்த எந்திரத்துக்குத் தாயின் பக்கத்தில் வைக்கத் தெரியாதா? தெரியும், சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்றொரு முரண்பாட்டையும் காணுங்கள். ஐந்து வயது நிறையாத குழந்தையைத் துணையின்றித் தனியே ஏற்றிச்செல்லப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. அது நல்லதே. ஆனால் அதே குழந்தை தாயோடு வந்தால் பதினான்கு வரிசை தள்ளி, அந்நியர் நடுவே தனியே அமர்த்திவிடத் தயங்குவதில்லை.

இது மனநிம்மதி பற்றிய பேச்சு மட்டும் அன்று. ஒவ்வொரு விமானமும் புறப்படுமுன் நமக்கு ஒரு பாடம் சொல்லப்படுகிறது: ஆக்சிஜன் முகமூடி கீழே இறங்கினால் முதலில் உங்களுக்கு அணிந்துகொள்ளுங்கள், பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள். 35,000 அடி உயரத்தில் விமானத்தின் உள்ளழுத்தம் இழக்கப்பட்டால், செயலாற்றும் தெளிவு மனிதனுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே நீடிக்கும். அந்த நேரத்துக்குள் ஒன்பதாம் வரிசைத் தாய் இருபத்து மூன்றாம் வரிசைக்கு எவ்வாறு செல்வார்? குழந்தை பக்கத்தில் இருக்கிறது என்று நம்பியே அந்தப் பாடம் எழுதப்பட்டது. குழந்தையைப் பிரித்து அமர்த்தியவர்கள் அந்தப் பாடத்தை ஒப்புக்காக ஒப்பிக்கிறார்கள்.

2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் ஐவர் இறந்தனர். எரிந்த பயணியர் விமானத்திலிருந்தோ 379 பேரும் உயிரோடு வெளியேறினர். கைப்பைகளை விட்டுவிட்டு, எல்லாரும் ஒழுங்காகக் கதவை நோக்கி நகர்ந்ததை உலகம் வியந்தது. பையை விட்டுவிடலாம், பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் இறங்குவாள்? எல்லாரும் முன்னே செல்லும்போது பத்துத் தாய்மார் பின்னே ஓடினால் என்ன ஆகும்? பெற்றோர் பிள்ளைகளைத் தேடிச் செல்வதால் அவசர வெளியேற்றம் தடைபடக்கூடும் என்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையமே எச்சரித்திருக்கிறது. எனவே, குழந்தை தாயருகே இருப்பது மூட்டுவலிக்காரருக்கும் கல்லூரி மாணவருக்கும் சேர்த்தே பாதுகாப்பு.

விதி செய்ய முடியாதா? கனடா செய்தது. 2019 டிசம்பர் முதல் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரின் அடுத்த இருக்கை. 5 முதல் 11 வயது வரை அதே வரிசையில், ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளியின்றி. 12, 13 வயதினருக்கு ஒரு வரிசைக்கு மேல் தள்ளாமல். இதற்கெனக் கூடுதல் கட்டணம் கேட்கக்கூடாது. அமெரிக்காவிலோ நாடாளுமன்றம் 2016இலேயே இதுபற்றிச் சட்டம் இயற்றியும், போக்குவரத்துத் துறை விதியின் வரைவை வெளியிட 2024 ஆகஸ்டு வரை ஆயிற்று. அன்று நான்கு வயதாயிருந்த குழந்தைக்கு அதற்குள் பன்னிரண்டு வயது.

நம் நாட்டில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பித்தது. 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஒரே பி.என்.ஆர். எண்ணில் உடன் பயணம் செய்யும் பெற்றோரில் அல்லது காப்பாளரில் ஒருவரேனும் அருகில் அமரும்படி இடம் ஒதுக்கவேண்டும். அதற்குப் பதிவேடும் வைக்கவேண்டும். வரவேற்கத்தக்க ஆணை. ஆனால் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? அறியப்படாத உரிமை பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொன்னுக்கு ஒப்பானது. அச்சத்தால் பணம் கட்டுபவர் தொடர்ந்து கட்டிக்கொண்டுதான் இருப்பார். பேரனை அழைத்துச் செல்லும் பாட்டிக்கு வேறொரு நாள் தனிச்சீட்டு வாங்கப்பட்டிருந்தால், ஒரே எண் என்னும் வரம்புக்கு வெளியே அவர் நின்றுவிடுகிறார்.

"இருக்கைக் கட்டணம் இருப்பதால்தான் பயணச்சீட்டின் விலை குறைகிறது" என்னும் வாதத்தையும் எடைபோடுவோம். குறையட்டும். ஏழை எளியவரும் பறக்கட்டும். ஆனால் பல மலிவுக்கட்டண நிறுவனங்களில் இரண்டு வயது கடந்த குழந்தைக்கும் பெரியவருக்குரிய கட்டணமே வாங்கப்படுகிறது. முழுக் கட்டணம் செலுத்திய குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு உரியதல்லவா? தாய் சன்னலோரம் கேட்கவில்லை, முன்வரிசை கேட்கவில்லை. யாரும் விரும்பாத கடைசி வரிசையில் இரண்டு இருக்கைகளைச் சேர்த்துக் கொடுத்தாலும் வாழ்த்திச் செல்வார். பிறருக்கு ஒதுக்குமுன் குழந்தைகளுக்கு ஒதுக்கினால் நிறுவனத்துக்குச் செலவு ஏது?

நம் பங்கும் இதில் உண்டு. குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஒரே எண்ணில் சீட்டு வாங்குவோம். பிரித்து இடம் தந்தால் விமானத்தின் உள்ளே சென்று சக பயணியிடம் கெஞ்சாமல், நிலையத்திலேயே நிறுவனத்தாரிடம் 2024 ஆணையைச் சொல்லிக் கேட்போம். அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சன்னல் பெற்றுத்தர இந்த உரிமையைப் பயன்படுத்தாதிருப்போம். ஆசை வேறு, தேவை வேறு. பணம் கட்டிய இருக்கையை ஒருவர் விட்டுக்கொடுத்தால் அவருக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தரும்படி நிறுவனத்தை வற்புறுத்துவோம்.

அன்று எழுந்து இடம் தந்த மாணவரைப் பலர் பாராட்டினர். பாராட்டுக்கு உரியவர்தான். ஆயினும் அவருடைய நல்ல உள்ளத்தை நம்பி ஒரு நிறுவனம் தன் கடமையைக் கைவிட்டதே, அது எவ்வகை நியாயம்? பிறருடைய ஈகையில் தன் கணக்கை நேர்செய்துகொள்பவனைக் கொடையாளி என்றா அழைப்போம்?