சுவரும் ஒரு சான்று

பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றவுடன், அதைப் புதியதுபோல் ஆக்குவது என்றே நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். மருத்துவ அருங்காட்சியகம் இயங்கும் கட்டடத்தில் அவ்வாறு செய்வது சான்றை அழிப்பதாகும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1848இல் அரசு மனநல மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அதன் வளாகத்தில் நோயியல் ஆய்வுக்கென அடால்ஃப் ஷெரர் வடிவமைத்த செங்கற் கட்டடம் 1896இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆய்வகங்கள், பிணக்கூறாய்வு அறை, நூலகம், மருத்துவர்கள் படிவரிசையில் அமர்ந்து பாடம் கேட்ட விரிவுரைக்கூடம் ஆகியன அதில் அமைந்தன. 1969இல் அக்கட்டடத்தை இடமாகக் கொண்டு இண்டியானா மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் தோன்றியது. மருத்துவமனையோ 1994இல் மூடப்பட்டுவிட்டது.

மனநோயைச் சாபமென்றும் ஒழுக்கக்கேடென்றும் உலகம் இகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அதை மூளையில் தேடிப் பார்க்கலாம் என்று துணிந்தவர்கள் இவ்வறைகளில் பணியாற்றினர். அக்கால மனநல மருத்துவமனைகளில் பலரை முடக்கி மாய்த்த ஒருவகை மூளைத் தளர்ச்சிக்கு மேகநோய்க் கிருமியே காரணம் என்பது 1913இல் உறுதியாயிற்று. 1940களில் பென்சிலின் அதற்கு மருந்தாக வந்தது. அந்த நெடுந்தேடலில் இக்கட்டடத்துக்கும் ஓர் இடமுண்டு.

பழைய நுண்ணோக்கிகளைப் புதிய கட்டடமொன்றில் குளிரூட்டிய கூடத்தில் வைத்தால் போதாதா என்று சிலர் வினவுவர். செலவை எண்ணிக் கேட்கப்படும் நியாயமான வினாவே அது. ஆயினும் அன்றைய ஆய்வாளர் பகலொளியைப் பெரிதும் நம்பி உழைத்தவர்; அகன்ற சாளரங்கள் அதற்காகவே அமைந்தன. சாளரத்தருகே இருக்கும் மேசையையும் அதன்மீது விழும் வெயிலையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தக் கருவி எவ்வாறு பயன்பட்டது என்பது விளங்கும். மேசையை வேறிடம் கொண்டு செல்லலாம். வெயிலை எப்படிக் கொண்டு செல்வது?

இனிச் சுவருக்கு வருவோம். பழைய செங்கற்சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தே கற்களைப் பிணைத்தது. அது செங்கல்லைவிட மென்மையானது; சுவருக்குள் புகும் ஈரத்தை வெளியேறவும் விடும். காலப்போக்கில் சாந்து தேயும், கல் பிழைக்கும். தேய்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு மீண்டும் சுண்ணாம்பு இடுவதே முறை. உறுதி என்று கருதி அவ்விடத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள் சிறைப்படும். இண்டியானாபொலிஸ் போன்ற கடுங்குளிர் ஊர்களில் அந்நீர் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். செங்கல்லின் முகம் செதில்செதிலாக உதிரும். நூறாண்டு நின்ற சுவரை ஒரு கோடைக்காலத் திருப்பணி இவ்வாறு பாழாக்கிவிடக்கூடும். அதன்மீது பளபளக்கும் வண்ணம் வேறு பூசிவிட்டால் சிதைவுகூடக் கண்ணுக்குத் தெரியாது!

ஆகவே கையில் பணம் வந்தால் முதலில் கூரைக்கும் மழைநீர்க் குழாய்க்கும் சாந்துக்கும் செலவிட வேண்டும். நன்கொடையாளருக்கு இவை உவப்பாவதில்லை. கண்ணாடிப் பேழையில் பெயர் பொறிக்கலாம்; கூரைக்கசிவை அடைத்ததற்கு யார் கல்வெட்டு வைப்பார்?

ஆனால் அக்கூரையின்கீழ் இருப்பவை பொருள்கள் மட்டுமல்ல. இறந்த நோயாளிகளின் மூளைகள் அங்கே குடுவைகளில் பாடம் செய்து வைக்கப்பட்டுள்ளன. நெடுங்காலம் அவை நோயின் பெயராலேயே அறியப்பட்டன. அண்மைக்காலத்தில் அருங்காட்சியகத்தார் பழைய மருத்துவப் பதிவுகளைத் தேடி எடுத்து, அம்மனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைக் குடுவைகளுக்கு அருகே எழுதிவைக்கத் தொடங்கினர். அங்குள்ள பணிகளுள் நான் மிகவும் மதிப்பது இதுவே. தம் உடலின் ஒரு பகுதி இவ்வாறு வைக்கப்படுவதற்கு அவர்கள் இசைந்தார்களா என்ற வினா இன்னும் அவ்வறையில் நிற்கிறது. அவ்வினாவோடுதான் பார்வையாளர் அவர்கள்முன் நிற்க வேண்டும். அதற்கு, மழை ஒழுகாத ஓர் அறையையாவது அவர்களுக்கு நாம் அளித்தாக வேண்டும்.