தொழிற்சாலை வருமுன் தொழிலாளிக்குக் காப்பு

திருகோணமலையைக் கைத்தொழில் மாவட்டமாக்கும் பேச்சு மீண்டும் வலுத்திருக்கிறது. 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்களுக்கான உடன்படிக்கை. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகத்துடன் எரிசக்தி மையத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை. வரும் முதலீட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சந்தை சரியும் நாளில் தொழிலாளியின் கதி என்ன என்பதையும் இப்போதே பேசியாக வேண்டும்.

2019இல் இந்திய வாகனத்துறை பட்ட அடி நமக்குப் பாடம். நிதி நிறுவனங்கள் கடன் கொடுப்பதைச் சுருக்கின. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மாறவிருந்ததால் வாங்குவோரும் தயங்கினர். ஓகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. செப்டெம்பரில் அசோக் லேலண்ட் வாகன நிறுவனம் தமிழகத்தின் எண்ணூர் ஆலையில் 16 நாட்களும் ஓசூர் ஆலைகளில் 5 நாட்களும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆலை நின்றால் உதிரிப்பாகப் பட்டறைக்கு ஓடர் இல்லை. அவ்வாண்டு ஜூலைக்குள் இந்தியா முழுவதும் சுமார் ஒரு இலட்சம் தற்காலிகத் தொழிலாளர் வேலையிழந்ததாக உதிரிப்பாக உற்பத்தியாளர் சங்கமே சொன்னது. நிரந்தரத் தொழிலாளிக்குச் சில நாள் சம்பளம் போனது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலையே போனது.

இலங்கையில் வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் வலுவானது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ய, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்அனுமதியோ வேண்டும். ஆனால் முந்தைய 12 மாதங்களில் 180 நாள் வேலை செய்யாதவரை இச்சட்டம் காக்காது. மேன்பவர் நிறுவனம் மூலம் இன்று ஓரிடம், அடுத்த மாதம் வேறிடம் என்று அனுப்பப்படுபவர் அந்த 180 நாளை யாரிடம் கணக்குக் காட்டுவார்?

கேள்வி குறையும்போது ஆட்குறைப்பைத் தடுத்தால் நிறுவனமே மூழ்கும் என்கிறார்கள் முதலாளிமார். அது சில வேளைகளில் உண்மைதான். ஆனால் இலாப காலத்தில் பங்கு பெறாத ஒப்பந்தத் தொழிலாளி, நட்ட காலத்தின் முழுச் சுமையையும் ஏன் தாங்க வேண்டும்?

ஆகவே திருகோணமலைக்கு வரும் ஒவ்வொரு முதலீட்டு உடன்படிக்கையிலும் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். மேன்பவர் தொழிலாளியின் சேவைக்காலத்துக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் ஆலையே பொறுப்பேற்க வேண்டும். ஆட்களை நிறுத்துமுன் வேலைநேரத்தைப் பகிர்ந்து குறைக்க வேண்டும். நல்ல காலத்திலேயே வேலையிழப்பு நிதிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். கையெழுத்தான பின் இவற்றைக் கேட்டால் கொடுப்பார் இல்லை. நம் மாவட்டப் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் இன்றே கேட்கட்டும்.