கை கழுவச் சொல்கிறோம், தண்ணீர் எங்கே?



மழை பிடித்துவிட்டால் கித்துல்கலை தோட்டப் பாடசாலையில் வரவு குறைந்துவிடும். "பிள்ளைக்கு வயித்தோட்டம், ரெண்டு நாளா எழும்பல்ல" என்று அம்மா வந்து சொல்வார். அந்த இரண்டு நாளும் அவருக்கும் பேர் இல்லை.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுத்தம் தெரியாது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இதை நாம் ஏற்கமாட்டோம். மலசலகூடம் போய் வந்த பிறகும் சாப்பிடும் முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். செய்து காட்டத்தான் குழாயில் தண்ணீர் இல்லை. களனி கங்கை ஓடுகிற, மழைக்குக் குறையில்லாத ஊரில் இந்த நிலை! மேட்டு லயத்து மலக்குழி மழையில் நிரம்பி வழிகிறது. பள்ளத்துப் பீலியில் நம் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. வீடுகளுக்குச் சவர்க்காரம் கொடுத்து, வாராவாரம் போய்க் கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரண சவர்க்காரமும் கிருமிநாசினி சவர்க்காரமும் ஒரே பலனைத்தான் தந்தன. ஆகவே விலை கூடியதைத் தேட வேண்டாம். ஆனால் அங்கே வெறும் புத்திமதி மட்டும் சொல்லவில்லை, சவர்க்காரத்தையும் கையில் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் பங்கை நாம் செய்வோம். மலசலகூட வாசலில் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைகளின் நகத்தை வெட்டிவிடுவோம். குடிக்கும் நீரைக் கொதிக்க வைப்போம். வயிற்றோட்டம் வந்தால் ஒரு பொதி ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்.

மற்றப் பங்கு தோட்ட நிர்வாகத்துடையது. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று வெள்ளைக்காரன் காலத்து 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொல்லியிருக்கிறது. நூறு வருடம் கடந்தும் நாம் கேட்பது அதைத்தான்: லயத்துக்குச் சுத்தமான குழாய்நீர், வீட்டுக்கொரு மலசலகூடம். பாடசாலைக் குழாய்க்குக் கல்வி அதிகாரிகள் பதில் சொல்லட்டும்.

அடுத்த தலைவர் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லயத்தில் எத்தனை குடும்பம், எத்தனை குழாய், எத்தனை மலசலகூடம் என்று எண்ணி எழுதிக் கொண்டுவாருங்கள். சம்பளக் கோரிக்கையோடு அந்தக் கணக்கையும் சேர்த்து மேசையில் வைப்போம்.